காட்டுவதற்கு வைத்த காசு

ஜூலியன் கேக் கொண்டுவந்த நாளில்தான் எனக்கு இந்த ஆசை பிடித்தது. எங்கள் தொழிற்சாலையில் யாருக்காவது நல்லது நடந்தால் அவரே மற்றவர்களுக்குக் கேக் வாங்கிவர வேண்டும். பிள்ளை பிறந்தாலும் கேக், நாய் வாங்கினாலும் கேக். ஜூலியனுக்கு வங்கி வீட்டுக்கடன் கொடுத்துவிட்டதாம்.

அவனும் நானும் ஒரே பெல்ட்டில் நின்று இறைச்சி பொதி செய்கிறவர்கள். ஒரே வேலை, ஒரே நேரம். சரியாகச் சொன்னால் என் சம்பளம் கொஞ்சம் கூட, ஏனென்றால் அவனுக்கு முன்பே நான் வந்துவிட்டேன். அவனுக்குக் கார்க்கடன் வேறு இருக்கிறது. அவனோடு வாழும் பெண் இன்னும் படிக்கிறாள். "ஒரே ஒரு சந்திப்புத்தான்," என்றான் வாயில் கிரீமோடு. "கத்தரீனா என்று ஒருத்தி. அருமையான மனுசி. ஐந்து வீதம் முற்பணம் இருந்தால் போதும் என்றாள். நிரஞ்சலா, நீங்களும் போய்ப் பாருங்கள்."

எனக்கு வீடு வேண்டியிருந்தது. ஆடம்பரத்துக்கு அல்ல. டென்மார்க்கின் வைலே நகரில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் மாடித் தொகுதியில் எங்களைப் போன்ற முகங்கள் கூடிப்போய்விட்டன என்று, சட்டம் போட்டு அதில் பாதியை இடிக்கப் போகிறார்கள். எங்கள் வாசல் அந்தப் பாதியில் இருக்கிறது. வேறு வீடு தருவார்கள், நல்ல மனிதர்கள். எங்கே, எப்போது என்பதை மட்டும் அவர்களே முடிவெடுப்பார்கள். நான் மட்டக்களப்பில் பிறந்தவள். சண்டைக்கு ஒரு தரம், கடல் ஊருக்குள் வந்தபோது ஒரு தரம் என்று, எழும்பிப் போ என்பதைப் போதுமான அளவு கேட்டுவிட்டேன். இனி யாரும் வந்து தட்டி என்னை எழுப்ப முடியாத ஒரு கதவு வேண்டும் என்று நினைத்தேன்.

அப்படி ஒரு கதவு மேட்டுத் தெருவில் விற்பனைக்கு வந்திருந்தது. செங்கல் வரிசை வீடு, ஒடுங்கலான படி, பழைய குசினி. யன்னலால் எட்டிப் பார்த்தால் ஃபியோட் என்கிற கடற்கழியின் தண்ணீர் ஒரு கீற்றுத் தெரியும். என் கணவர் சிவபாதம் படியில் ஏறி இறங்கிப் பார்த்துவிட்டு நல்லது என்றார். அவர் எதையும் நல்லது என்றுதான் சொல்வார். நான் சொன்னதுதான் கணக்கு.

கத்தரீனா உண்மையிலேயே அருமையான மனுசிதான். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு கோபத்தில் மறந்துபோவேன். எழுந்து வந்து கைகொடுத்தாள், கோப்பி ஊற்றினாள், மகள் சாரங்காவின் படிப்பை விசாரித்தாள். பிறகு கேள்விகள் தொடங்கின. இலங்கைக்கு மாதாமாதம் காசு அனுப்புகிறீர்களா? அங்கே பார்க்க வேண்டிய ஆட்கள் இருக்கிறார்களா? இன்னும் எவ்வளவு காலம் டென்மார்க்கில் இருப்பதாக உத்தேசம்? நான் இந்த நாட்டுக் குடியுரிமைக்காரி, என் பிள்ளை இங்கே பிறந்தவள். "சாகும் மட்டும்," என்றேன். அதையும் தட்டச்சில் பதிந்துகொண்டாள்.

கடைசியில், எங்கள் நிலைமையில் இருப்பவர்களுக்கு இருபது வீதம் முற்பணம் இருந்தால் பாதுகாப்பு என்றாள். யாருக்குப் பாதுகாப்பு என்று சொல்லவில்லை. எங்கள் நிலைமை என்னவென்றும் சொல்லவில்லை. கடன் இல்லாத, வாடகை பிந்தாத, இரண்டு சம்பளம் வருகிற குடும்பத்துக்கு என்ன நிலைமை என்று நான் கேட்க வாயெடுத்தபோது சிவபாதம் அவளுக்கு நன்றி சொல்லிவிட்டார்.

அடுத்த நாள் ஜூலியனிடம் சொன்னேன். அவன் பாணைக் கடிப்பதை நிறுத்தினான். "என்னிடம் இதில் ஒன்றும் கேட்கவில்லையே," என்றான். "நான் எவ்வளவு காலம் டென்மார்க்கில் இருப்பேன் என்று யார் கேட்டது?" அவனுக்கு வெட்கம் வந்தால் காது சிவக்கும். அன்று இரண்டும் நன்றாகச் சிவந்திருந்தன. நான் ஆத்திரத்தில் அன்றைக்குப் பொதிகளுக்கு லேபல் மாற்றி ஒட்டி, மேற்பார்வையாளரிடம் ஏச்சும் வாங்கினேன்.

நான் கோபப்படும் நேரத்தில் யோசிக்கிறவர் சிவபாதம். அந்தத் தடவை யோசிக்காமல் இருந்திருக்கலாம்.

"இருபது வீதம் காட்டச் சொல்லித்தானே கேக்கினம். காட்டுவம்," என்றார்.

"எங்க இருக்கு காட்ட? எங்களிட்ட அஞ்சு வீதம்தான் இருக்கு."

"எங்களிட்ட இல்லை. சனத்திட்ட இருக்கு."

காசு காட்டுவது என்பது எங்கள் ஆட்களுக்கு ஒரு கலை. சிவபாதத்தின் தம்பி படிக்க லண்டனுக்கு விசா கேட்டபோது, கணக்கில் இவ்வளவு இருக்க வேண்டும் என்றது தூதரகம். அவனிடம் சைக்கிள் வாங்கவும் காசில்லை. அவர்கள் குடியிருந்த ஒழுங்கை முழுக்கச் சேர்ந்து அவனது கணக்கில் காசைப் போட்டது. கடைக்காரர் போட்டார், வாத்தியார் போட்டார், சங்கிலியை அடகு வைத்தும் ஒருத்தர் போட்டார். விசா வந்தது, காசு அவரவரிடம் திரும்பிப் போனது. அதிகாரி ஒருவர் பார்க்கும்போது கணக்கு நிறைந்திருக்க வேண்டும், அவ்வளவுதான் என்று என் கணவர் அன்றிலிருந்து நம்பிக்கொண்டிருக்கிறார். உண்மையைச் சொன்னால் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

சாரங்கா மட்டும் டெனிஷில் ஒரு சொல் சொன்னாள். "விட்வாஸ்க்." களவுக் காசை வெளுத்து எடுப்பதற்கு டெனிஷ்காரர் வைத்திருக்கும் பெயர். வங்கி அப்படித்தான் நினைக்கும், செய்யாதீர்கள் என்றாள்.

"எங்களிட்ட என்னடி களவு? எல்லாம் சம்பளக் காசு," என்றேன். அவள் தோளைக் குலுக்கிவிட்டு அறைக்குள் போனாள். பெற்றோர் பிள்ளைகள் சொல்வதைக் கேட்டிருந்தால் இந்த நாட்டில் பாதி வில்லங்கம் குறைந்திருக்கும்.

எனக்கு இருந்த தயக்கம் வேறு. யாரிடம் கேட்கப் போகிறோம்? சிவபாதத்தின் ஆட்கள் யாழ்ப்பாணத்தார். அவர் கல்யாண வீடென்றாலும் செத்த வீடென்றாலும் முதலில் போய்க் கதிரை அடுக்குகிற மனிதர்; எல்லோருக்கும் அவரைப் பிடிக்கும். என்னை அப்படிச் சொல்ல முடியாது. சாரங்காவின் முதலாவது பிறந்தநாளுக்கு மண்டபம் எடுத்துக் கொண்டாடினோம். நான் றோல்ஸ் தட்டோடு குசினிக்குள் போகிறேன், பரமேஸ்வரி அக்கா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நாலு பெண்களுக்குச் சொல்கிறார்: "மட்டக்களப்பாள் வசிய மருந்து போட்டுத்தான் இந்தப் பொடியனை மடக்கினவள்." நான் தட்டை வைத்துவிட்டு வந்தேன். அன்றிலிருந்து அவரோடு பேச்சில்லை. பதினாறு வருடம் ஒரே கோயிலில், ஒரே மண்டபங்களில், ஒருவரை ஒருவர் சுவராகப் பார்த்துக்கொண்டு போய்வந்தோம். என் பேச்சு கூட இத்தனை வருடத்தில் யாழ்ப்பாணத்துப் பேச்சாக மாறிவிட்டது. நான் மட்டும் அவர்களுக்கு மாறவில்லை.

சிவபாதம் தமிழ்ப் பள்ளிக்கூடப் பெற்றோரின் வட்சப் குழுவில் ஒரு செய்தி போட்டார். வீடு வாங்க பாங்கில காசு காட்ட வேணும், ஒரு மாதத்தில திருப்பித் தருவன், ஏலுமான ஆக்கள் உதவுங்கோ. இவ்வளவுதான். எவ்வளவு தொகை என்றோ, எந்த வீடு என்றோ ஒன்றும் இல்லை.

"எல்லாரும் பாத்திட்டுப் பாக்காத மாதிரி இருக்கப்போகினம்," என்றேன். "கோயில் கமிட்டியில அடிபட்ட ஆக்கள் உங்களுக்குக் காசு தருவினமோ?"

சோறு வடிக்கும் முன் முதல் காசு வந்துவிட்டது. எஸ்பியர்க் துறைமுகத்தில் மீன் வேலை செய்யும் பிரியந்தன் பத்தாயிரம் குரோணர் போட்டிருந்தான். அடுத்து வயோதிபர்களைப் பராமரிக்கும் கஜந்தி ஐயாயிரம், சம்பளம் வந்ததும் இன்னும் போடுகிறேன் என்ற குறிப்போடு. கோயில் கமிட்டியில் கணக்குக்காகச் சிவபாதத்தோடு சத்தம் போட்டு, அந்த வருடத் திருவிழாவுக்கே வராமல் விட்ட மனிதர் பதினைந்தாயிரம். சனி ஞாயிறு முழுக்க வந்துகொண்டே இருந்தது. நான் கைபேசியை மேசையில் வைத்துவிட்டு அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கோபப்பட ஒன்றும் இல்லாமல் போனால் எனக்குக் கையைக் காலை எங்கே வைப்பதென்று தெரியாது.

ஞாயிறு பின்னேரம் நாற்பதாயிரம் வந்தது. அனுப்பியவர் பாலேந்திரா. பரமேஸ்வரி அக்காவின் கணவர்.

"திருப்பி அனுப்புங்கோ," என்றேன்.

"அவை ரெண்டு பேற்ற கணக்கு அது. அவவுக்குத் தெரியாமல் பாலேந்திரா அண்ணை ஒரு குரோணர் அனுப்பமாட்டார்," என்றார் சிவபாதம். திருப்பி அனுப்பவும் இல்லை. மொத்தம் இருபத்திரண்டு பேர். இருபது வீதம் நிறைந்துவிட்டது.

புதன்கிழமை கடையில் பாலுக்கும் வெங்காயத்துக்கும் அட்டையைப் போட்டேன், வேலை செய்யவில்லை. மறுபடி போட்டேன். பின்னால் நின்றவர்கள் பெருமூச்சு விட்டார்கள். பாலையும் வெங்காயத்தையும் திரும்ப வைத்துவிட்டு வெளியே வந்து வங்கிக்கு அழைத்தபோதுதான் தெரிந்தது, வங்கி எங்கள் கணக்கைப் பூட்டிவிட்டது. எங்கள் காசும் உள்ளே, இருபத்திரண்டு பேரின் காசும் உள்ளே. சாரங்கா சொன்ன அதே சொல்லைத்தான் வங்கிக்காரரும் சொன்னார், கொஞ்சம் மரியாதையாக.

மறுபடி கத்தரீனாவின் அறை. இந்தத் தடவையும் கோப்பி இருந்தது, ஆனால் திரையில் தலைமைக் காரியாலயத்து மனிதர் ஒருவரும் இருந்தார். இவர்கள் யார், எதற்காக அனுப்பினார்கள், பதிலுக்கு அவர்களுக்கு என்ன கிடைக்கும் என்று கேட்டார். ஒன்றும் கிடைக்காது என்றேன். அவர் கத்தரீனாவிடம் திரும்பி, நான் கேள்வியைச் சரியாக விளங்கிக்கொண்டேனா என்று கேட்டார்.

கத்தரீனா எனக்கு இரண்டு வழி சொன்னாள். ஒன்று, காசை எல்லாம் திருப்பி அனுப்புவது. அப்படியானால் வீடு இல்லை. மற்றது, கொடுத்தவர்கள் ஒவ்வொருவரும் நேரில் வந்து, வங்கியின் கடன் கட்டி முடியும் வரை தங்கள் காசைத் திருப்பிக் கேட்க மாட்டோம் என்று கையெழுத்து வைப்பது. கடன் முப்பது வருடம். "யாரும் இதற்குச் சம்மதிப்பார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை," என்றாள் மெதுவாக. "ஒழுங்கின்படி நான் சொல்ல வேண்டும், அதனால் சொல்கிறேன்."

சிவபாதம் அதை அப்படியே குழுவில் எழுதிவிட்டார். கணக்குப் பூட்டிக் கிடக்கிறது, இதுதான் வங்கி கேட்பது, விருப்பமில்லாதவர்கள் சொல்லுங்கள், காசு விடுபட்டதும் முதலில் அனுப்புகிறோம் என்று. நான் தொலைபேசி அடிக்கும் என்று காத்திருந்தேன். என் காசு எங்கே என்று முதலில் கேட்கப் போவது யார் என்று எனக்குள் ஒரு வரிசை கூடப் போட்டு வைத்திருந்தேன். ஒருவரும் அடிக்கவில்லை. ஒருவர் கூடக் கேட்கவில்லை. பெல்ட்டில் நிற்கும்போதும் காது தொலைபேசியில்தான்.

கடைசியில் கதவு மணி அடித்தது. பரமேஸ்வரி அக்கா, தடித்த குளிர் அங்கியோடு, காலணியைக் கழற்றாமல் வாசலில் நின்றார். வந்துவிட்டது என்று நினைத்தேன்.

"உள்ளுக்கு வாங்கோ."

"இருக்க வரேல்லை. பாங்கில கையெழுத்து வைக்க என்ன கொண்டுபோக வேணும்? பாஸ்போட்டோ, மஞ்சள் சுகாதாரக் காட்டோ?"

"ரெண்டும்தான். ஆனா அக்கா, நீங்கள் வைக்க வேண்டாம். காசு வந்ததும் உங்கட நாற்பதாயிரத்தைத்தான் முதல் அனுப்புவன்."

"காசை ஆர் கேட்டது?" என்றார். "எத்தினை மணி மட்டும் திறந்திருக்கும்?"

"வியாழக்கிழமையில அஞ்சரை மட்டும்."

"சரி." அவ்வளவுதான். படியிறங்கிப் போய்விட்டார். அந்த அங்கியின் விசயம் கஜந்தி சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவர்கள் வீட்டுச் சூடாக்கி பழுதாகி, புதிது போடச் சேர்த்து வைத்த காசுதானாம் அந்த நாற்பதாயிரம். கார்த்திகை மாதத்து டென்மார்க்கில் புருசனும் பெண்சாதியும் ஒரே ஒரு அறையைச் சின்ன மின்சார அடுப்பால் சூடாக்கிக்கொண்டு இருக்கிறார்கள். இதைக் கேட்டபிறகு என் வீட்டு ரேடியேட்டருக்குப் பக்கத்தில் இருக்க எனக்கு வெட்கமாக இருந்தது.

வியாழக்கிழமை வேலை முடிந்து, உடுப்பு மாற்றாமல் வங்கிக்கு ஓடினேன். நாலு பேர் வந்தால் பெரிய காரியம் என்று சிவபாதத்திடம் சொல்லிவைத்திருந்தேன். கண்ணாடிக் கதவு திறந்தது. வங்கி முழுக்க எங்கள் ஆட்கள். கதிரை போதாமல் சுவரோரம் நின்றார்கள். பிரியந்தன் எஸ்பியர்க்கிலிருந்து நேரே வந்திருந்தான், மீன் வாடையோடு. அவனுக்கு இரண்டு பக்கத்திலும் டெனிஷ்காரர் இடம் விட்டு நின்றார்கள். கஜந்தி பராமரிப்புச் சீருடையில், அடுத்த வயோதிபரிடம் போகிற அவசரத்தில். கமிட்டிக்காரர் சிவபாதத்தைப் பார்க்காமல் சுவரில் தொங்கிய ஃபியோட் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார், ஆனால் கையில் பாஸ்போட் இருந்தது. எல்லோர் கையிலும் பாஸ்போட் இருந்தது. காசாளர் பெண் எழுந்து நின்று, ஏதாவது ஆர்ப்பாட்டமா என்று பக்கத்துப் பெண்ணிடம் கேட்டாள்.

நான் எண்ணினேன். இருபத்திரண்டு பேரும் வந்திருந்தார்கள். பிழை விட்டிருப்பேன் என்று மறுபடி எண்ணினேன். சிவபாதம் என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

கணக்கு என் பெயரிலும் இருந்ததால் என்னையும் கத்தரீனா அறைக்குள் இருக்கச் சொன்னாள். ஒவ்வொருவராக வந்தார்கள். ஒவ்வொருவரிடமும் அதே கேள்வி: முப்பது வருடம், கேட்க முடியாது, விளங்குகிறதா? விளங்குகிறது என்றார்கள். பிரியந்தன் பேனையைத் திருப்பிக் கொடுக்கும்போது தன் கை மணக்கும் என்று மன்னிப்புக் கேட்டான். கஜந்தி நின்றபடியே கையெழுத்து வைத்துவிட்டு ஓடினாள். கமிட்டிக்காரர் முழுவதையும் இரண்டு தரம் வாசித்து, ஒரு எழுத்துப் பிழையைக் காட்டி, பிறகு வைத்தார். முதல் மூன்று பேருக்கும் கத்தரீனா சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. அவள் கழுத்தடியில் சிவப்புப் படர்ந்தது.

பரமேஸ்வரி அக்காவும் பாலேந்திரா அண்ணையும் கடைசியில் வந்தார்கள். அண்ணை உட்கார்ந்தார். அக்காவின் டெனிஷ் உடைந்த டெனிஷ்தான், ஆனால் கேட்கிறவர் ஒதுங்கி நிற்க வேண்டிய டெனிஷ்.

"இது பெரிய தொகை," என்றாள் கத்தரீனா. "நீங்களும் நிரஞ்சலாவும் உறவா?"

"இல்லை."

"அப்போ நெருங்கிய சிநேகிதிகள்."

"இல்லை. நாங்கள் கதைப்பதில்லை."

கத்தரீனா தட்டச்சிலிருந்து கையை எடுத்தாள். "கதைப்பதில்லையா?"

"பதினாறு வருடம்."

கத்தரீனா என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். உண்மைதானே.

"அப்படியென்றால் ஏன் கொடுக்கிறீர்கள்?"

பரமேஸ்வரி அக்காவுக்கு அந்தக் கேள்வி விளங்கவில்லை. மொழி விளங்காமல் அல்ல. புருவத்தைச் சுருக்கி, இந்தப் பிள்ளை எதைக் கேட்கிறது என்பது போலத் தன் கணவரைப் பார்த்தார். அவரும் உதட்டைப் பிதுக்கினார். "கேட்டார்கள்," என்றார் அக்கா கடைசியில். "வீடு வாங்கக் கேட்டார்கள். கார் வாங்க இல்லை. வீடு."

"உங்களுக்கு இப்போது அறுபத்து மூன்று வயது. முப்பது வருடம் என்றால்..."

"தொண்ணூற்று மூன்று," என்றார். "வந்து வாங்குகிறேன். பேனை எங்கே?"

அவர் கையெழுத்து வைக்கும்போது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நான் ஒரு மலையைப் பார்த்தோ கோபுரத்தைப் பார்த்தோ அப்படி மலைத்ததில்லை. கடல் எங்கள் ஊருக்குள் எழும்பி வந்ததைக் கண்ணால் கண்டவள் நான். அன்றைக்குப் பயந்தேன், ஆனால் இப்படிச் சின்னவளாகவில்லை. தன் வீட்டில் குளிரில் நடுங்குகிற, என்னைப் பிடிக்காத ஒரு மனுசி எனக்குக் கூரை வேண்டும் என்பதைக் கேள்வியாகவே எடுக்கவில்லை. மருந்துக் கதைக்கு அவர் மன்னிப்புக் கேட்கவில்லை, என் முகத்தைப் பார்க்கவும் இல்லை. இன்றைக்கும் எனக்கு அவரைப் பெரிதாகப் பிடிக்காது. ஆனால் அவர் எழுந்து போனபோது நான் என்னை அறியாமல் எழுந்து நின்றேன். கத்தரீனாவும் எழுந்து நின்றாள்.

"என் சொந்த அண்ணனுக்கு நான் இதில் கையெழுத்து வைப்பேனா என்று எனக்குத் தெரியாது," என்றாள் கதவு சாத்தியபிறகு. அவளது கோப்பி தொடாமல் ஆறிப்போயிருந்தது.

அடுத்த கிழமை அவள் என்னை அழைத்தாள். இடைவேளை நேரம், தொழிற்சாலை வாசலில் நின்று எடுத்தேன். குரலிலேயே தெரிந்துவிட்டது.

"கடன் பிரிவு மறுத்துவிட்டது," என்றாள். "அவர்கள் நம்பவில்லை. உறவுகூட இல்லாத இருபத்திரண்டு பேர் ஒன்றும் எதிர்பாராமல் கொடுக்கிறார்கள் என்றால், பின்னால் நமக்குத் தெரியாத ஏதோ இருக்க வேண்டும் என்கிறார்கள்."

"நீங்கள் நேரில் பார்த்தீர்களே."

"சொன்னேன். என்னையும் ஏமாற்றியிருக்கலாம் என்றார்கள்."

"ஜூலியனுக்கு ஐந்து வீதம் போதுமாக இருந்தது. எனக்கு ஏன் போதவில்லை? அப்போதே தந்திருந்தால் நான் ஒருவரிடமும் போயிருக்க மாட்டேனே."

அவள் அதைத் தாண்டிப் போனாள். "கணக்கைத் திறந்துவிட்டார்கள். அதை மட்டும்தான் என்னால் செய்ய முடிந்தது." அழுதாள் என்று நினைக்கிறேன். எனக்கு அவளைத் தேற்ற நேரமில்லை, மணி அடித்துவிட்டது.

கோபம் வந்தது, வராமல் என்ன. சாரங்கா சமத்துவ முறைப்பாட்டுச் சபைக்கு எழுத வேண்டும் என்று கணினியைத் திறந்துவிட்டாள். ஜூலியன் தன்னுடைய கடன் தாள்களைச் சாட்சிக்குத் தந்திருக்கிறான். அது நடக்கும்போது நடக்கட்டும். ஆனால் பெல்ட்டில் நின்று பொதி செய்துகொண்டே எனக்கு ஒன்று தோன்றியது. அந்தக் கடன் பிரிவுக்காரர் நம்பவில்லை. இரண்டு கிழமைக்கு முன் என்னிடம் கேட்டிருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன். நான் வந்து பார்த்தேன். அவர்கள் பார்க்க வரவில்லை. அவர்கள் கேட்ட காசு, கேட்ட தாள், கேட்ட கையெழுத்து எல்லாம் இருந்தது. எங்கள் முகத்துக்கு அது நடக்கும் என்பதுதான் அவர்களுக்குப் பிடிபடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் காசைத் திருப்பி அனுப்பத் தொடங்கினேன். முதலில் பரமேஸ்வரி அக்காவுக்கு நாற்பதாயிரம், அந்த அறையை நினைத்து. பிறகு கஜந்திக்கு. பிரியந்தனின் பெயரைத் தட்டிக்கொண்டிருந்தபோது கைபேசி சத்தம் போட்டது. நாற்பதாயிரம் திரும்பி வந்திருந்தது. நான் ஏதோ பிழையாக அழுத்திவிட்டேன் என்று நினைத்து மறுபடி அனுப்பினேன். உடனே தொலைபேசி அடித்தது. அந்த எண் என் கைபேசியில் பெயரோடு இருக்கவில்லை.

"நீர் என்ன விளையாடுறீரோ?" என்றது பரமேஸ்வரி அக்காவின் குரல்.

"பாங்க் மாட்டன் எண்டு சொல்லிப்போட்டுது அக்கா."

"அந்த பாங்க்தானே சொன்னது. வைலேயில வேற பாங்க் இல்லையோ?"

"உங்கட வீட்டுச் சூடு எனக்குத் தெரியும். கஜந்தி சொன்னவள். காசை வைச்சு முதல் அதைச் செய்யுங்கோ."

"அவளுக்கு வாய் கூட," என்றார். பிறகு, சின்னப் பிள்ளைக்குப் பொறுமையாகச் சொல்வது போலச் சொன்னார். "இஞ்ச பாரும். நான் முப்பது வருசத்துக்குக் கையெழுத்து வைச்சனான். இன்னும் ரெண்டு கிழமையும் ஆகேல்லை. உமக்கு என்ன அவசரம்?"

சிவபாதம் குசினி வாசலில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு எத்தினை மணிக்குப் போறீர்?" என்று கேட்டார் அக்கா.

"எங்க?"

"அடுத்த பாங்குக்கு. நானும் வாறன். அவை கையெழுத்துக் கேக்க முதல் நாங்கள் போய் இருப்பம்."

"பத்து மணிக்கு, அக்கா," என்றேன்.